முட்டையா, பானையா, எல்லைக்கல்லா

மேஸ்திரியம்மாவுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் ‘ஏன்?’ என்று கேட்டுவிடுவாள். கிணறு வெட்டுகிறவளுக்கு அது நல்ல வியாதிதான். இந்த மண் ஏன் இங்கே மட்டும் கருப்பு, அந்த எறும்புக் கூட்டம் ஏன் அந்தப் பக்கமே போகிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் அவள் நீரோட்டம் பிடிப்பாள். ஆனால் அந்த ஊரில் யாரும் யாரிடமும் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று இருந்தது. ‘உங்க சனத்துல, உலகம் எப்படி உண்டாச்சுன்னு சொல்லுவாங்க?’ இதைக் கேட்டால் போதும், அடுத்தவர் அடுப்படிக்குள் செருப்புக்காலோடு நுழைந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஊரில் மூன்று சனம். ஆற்றங்கரையில் செதிலர்கள், அவர்களுக்குக் கழுத்திலிருந்து தோள்பட்டை வரை மெல்லிசான வெள்ளிச் செதில் மின்னும். அடுத்து நிழலிலார். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. எப்பேர்ப்பட்ட வெயிலில் நின்றாலும் அவர்கள் காலடியில் ஒன்றும் விழாது. மூன்றாவது மேட்டார், மேஸ்திரியம்மாவின் சனம். அவர்களிடம் பார்த்ததும் கண்ணில் படுகிற மாதிரி எதுவும் கிடையாது. அதனாலேயே, தாங்கள்தான் சாதாரண மனுஷர்கள், மற்றவர்களுக்குத்தான் ஏதோ கூடுதலாகவோ குறைவாகவோ ஆகிவிட்டது என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

மூன்று சனமும் ஒரே தெருவில் குடியிருந்தார்கள், ஒரே கடையில் எண்ணெய் வாங்கினார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். மேஸ்திரியம்மா கட்டிக்கொண்டதே ஒரு நிழலிலாரைத்தான். கல்யாணப் பேச்சின்போது அவளுடைய அம்மா சொன்ன ஒரே ஆட்சேபணை, “வெயில்ல போறப்போ அவன் நிழல்ல கூட ஒதுங்க முடியாதேடி!” என்பதுதான். அதற்கு மேஸ்திரியம்மா, “ஒரு குடை வாங்கிக்கிறேன்” என்று சொல்லிவிட்டாள்.

இப்போது புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் வெட்டுவார்கள். மேலே நின்று கூடை இழுக்கிறவள் ஒரு செதிலர் பெண். கப்பியை அவள் யாரையும் தொட விடமாட்டாள் என்பதால் அவளுக்குக் கப்பிக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. மேஸ்திரியம்மாவை அக்கா என்பாள், அவள் புருஷனை மாமா என்பாள், வேலைக்கு நேரங்கழித்து வந்தால் இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்குவாள்.

அந்த வருஷம் சலவைக்கூடத்துக் கிணறு வற்றிப்போனது. பெரிய சலவைக்கூடம் அது. நீளமான முற்றம், முற்றத்தின் ஒரு பக்கம் துவைக்கிற கல், இன்னொரு பக்கம் வெள்ளாவி அடுப்பு, நடுவில் காயப்போட்ட துணிகள் பாய்மரம் மாதிரி அடித்துக்கொண்டிருக்கும். மூன்று சனத்து ஆட்களும் அங்கே வேலை பார்த்தார்கள். கிணறு வற்றியதிலிருந்து ஆற்றிலிருந்து தள்ளுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து, தோள்பட்டை இறங்கிப்போய் நின்றார்கள். முதலாளி ஒரு மேட்டார். தொப்பை முன்னால் வர, கவலை அதற்கும் முன்னால் வரும் ஆள். “எப்படியாவது புதுசா ஒண்ணு வெட்டிக்குடு மேஸ்திரி, இல்லன்னா ஊரே அழுக்குச் சட்டையோட திரியும்” என்றார்.

மேஸ்திரியம்மா முற்றத்தின் மூலையில் இடம் பார்த்தாள். வெட்டத் தொடங்கினார்கள். கருமண் போய்க் களி வந்தது, களி போய்ச் சரளை வந்தது. சரளையில் ஈரம் தட்டியதும் அவளுக்கு முகம் மலர்ந்தது. இன்னும் கொஞ்சம்தான் என்று நினைத்த நேரத்தில் கடப்பாரை ‘ணங்’ என்றது.

பாறையில் பட்டால் வேறு சத்தம். இது வெண்கலக் குடத்தைத் தட்டின மாதிரி உள்ளுக்குள்ளேயே ஓடி, நின்று, ஓய்ந்தது. இரண்டு பேரும் கையாலேயே சரளையை வழித்தார்கள். கீழே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. வழிக்க வழிக்க அது விரிந்துகொண்டே போனது. வழவழப்பாக, மேடாக, ஒரு இணைப்போ வெடிப்போ இல்லாமல், கிணற்றின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு வெள்ளை வளைவு. தொட்டால் இதமான சூடு.

“ஏங்க, இது என்னங்க?” என்றாள்.

புருஷன் கடப்பாரையைக் கீழே போட்டார். மெல்ல மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. கை விரல் நசுங்கினபோது கூட ‘ச்சே’ என்று ஒரு வார்த்தைக்கு மேல் சொல்லாத மனுஷர் அவர். மேஸ்திரியம்மா பயந்துபோனாள்.

“என்னங்க ஆச்சு? அடிபட்டுச்சா?”

“இல்லம்மா” என்றார். “இங்க இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல.”

“எது?”

அவர் வாயைத் திறக்குமுன் மேலிருந்து கப்பிக்காரி அலறினாள். “அக்கா! அதை அடிக்காதீங்க! கடப்பாரையைத் தள்ளிப் போடுங்க!” சொன்னவள் அதோடு நிற்கவில்லை. கப்பியை விட்டு ஒரு நாளும் நகராதவள், நூலேணியில் சரசரவென்று இறங்கி வந்து, அந்த வெள்ளை வளைவில் காதை வைத்துப் படுத்துவிட்டாள். கழுத்துச் செதிலெல்லாம் சிலிர்த்து நின்றது.

அதற்குள் முதலாளி விளிம்பில் வந்து நின்று, முகம் பார்க்கிற கண்ணாடியைச் சாய்த்து வெயிலை உள்ளே திருப்பிவிட்டார். வெளிச்சம் வெள்ளையில் பட்டுக் கிணறே பால் நிறமானது. “ஐயையோ!” என்று மேலேயிருந்து அவர் குரல். “எல்லைக்கல்லுடா! மூடுங்க, மூடுங்க! யாரும் தொடாதீங்க!”

மேஸ்திரியம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவர் அழுகிறார், ஒருத்தி காதை வைத்துக் கேட்கிறாள், ஒருவர் மூடு என்கிறார். பொருள் என்னவோ ஒன்றுதான். எல்லைக்கல் கதை அவளுக்கும் தெரியும், ஆனால் மற்ற இரண்டு பேர் இதில் எதைக் கண்டார்கள் என்பதுதான் புரியவில்லை.

சற்று நேரத்தில் சலவைக்கூடமே மூன்றாகப் பிரிந்துவிட்டது. செதிலர்கள் ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டுக் கிணற்றைச் சுற்றி நின்றுகொண்டார்கள். நிழலிலார்கள் வெள்ளாவி அடுப்படியில் கூடி, ‘திறந்தே ஆகணும், எத்தனை தலைமுறையா காத்துக் கெடக்கோம்’ என்று முணுமுணுத்தார்கள். மேட்டார்கள் முதலாளி பின்னால் நின்று, குழியை மூடுவதற்கு மண்வெட்டி எங்கே என்று தேடினார்கள். அது ஏன், இது ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ‘அது எங்க வீட்டு விஷயம்’ என்றார்கள்.

மேலே ஏறி வந்த மேஸ்திரியம்மா, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

“இங்க பாருங்க. ஒருத்தர் திறங்குறீங்க, ஒருத்தர் தொடாதேங்குறீங்க, ஒருத்தர் மூடுங்குறீங்க. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. காரணம் தெரியாம நான் ஒரு கூடை மண்ணைக் கூட அள்ள மாட்டேன், தள்ளவும் மாட்டேன். ஆளாளுக்கு அவங்க கதையை முழுசா சொல்லுங்க.”

யார் முதலில் சொல்வது? அடுத்தவர் சிரித்துவிட்டால்?

“சரி, நானே ஆரம்பிக்கிறேன்” என்றாள்.

“மேஸ்திரி!” என்று முதலாளி பல்லைக் கடித்தார். “வெளியாளுங்க முன்னாடியா?”

“வெளியாள் யாரு? இவரு என் புருஷன், அவ என் தங்கச்சி மாதிரி. மத்தவங்க உங்க துணியைத் துவைக்கிறவங்க. நம்ம அழுக்கு அவங்களுக்குத் தெரியாததா?”

துணி துவைக்கிறவர்கள் சிரித்தார்கள். அவள் சொல்லத் தொடங்கினாள்.

முதலில் வானமும் மண்ணும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒரே சொத்து. அதற்கு வாரிசு ஒரு அக்காவும் தம்பியும். அக்காவுக்கு வெளிச்சம் வேண்டும், தம்பிக்குத் தூக்கம் வேண்டும். பொழுது விடிந்தால் சண்டை, பொழுது அடைந்தால் சண்டை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அம்மா ஒருநாள் பாகம் பிரித்துவிட்டாள். மேலே அக்காவுக்கு, கீழே தம்பிக்கு. நடுவில் ஒரு வெள்ளைக் கல்லை ஊன்றினாள். ‘இதை நகர்த்தினா பாகம் செல்லாது, மறுபடியும் எல்லாம் ஒட்டிக்கும்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள். பிரிந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் பாசம் வந்தது. ஆற்றிலிருந்து எழும்புகிற ஆவி, தம்பி அக்காவுக்கு அனுப்புகிற சீர். மழை, அவள் பதிலுக்கு அனுப்புவது.

“ஓ, அதான் மழை பெஞ்சா நீங்கல்லாம் ‘அக்கா வந்தாச்சு’ன்னு சொல்றீங்களா?” என்றாள் கப்பிக்காரி, வாயைப் பிளந்து. “நான் யாரோ சொந்தக்காரங்க வந்திருக்காங்கன்னு நெனைச்சுட்டு இருந்தேன்!”

முதலாளி முறைத்தார். ஆனால் அவர் பயந்த மாதிரி யாரும் கேலி செய்யவில்லை. இஸ்திரி போடுகிற நிழலிலார் ஒருவர், “பாகம் பிரிச்சா எல்லா வீட்டுலயும் அப்படித்தானே” என்று தலையாட்டியதில் முதலாளிக்குக் கொஞ்சம் குளிர்ந்தது.

அடுத்து கப்பிக்காரி. தொண்டையைச் செருமிக்கொண்டாள். எப்போதும் அதட்டுகிற குரல், இப்போது இறங்கி வந்தது.

“எங்க கதையில மொதல்ல தண்ணி மட்டும்தான். கரையே இல்லாத தண்ணி. அதுல ஒரே ஒரு மீன். தனியா நீந்தி நீந்தி அலுத்துப்போய், ஒரு முட்டை இட்டுச்சு. இட்டுட்டு இரை தேடப் போச்சு. முட்டை மேல பாசி படிஞ்சுது, பாசி மேல மண்ணு, மண்ணு மேல நாம. உள்ள இருக்கறது இன்னும் பொறக்கல.”

“அப்போ நாம?” என்றார் முதலாளி.

“நாம சும்மா, ஓட்டு மேல ஒட்டின அழுக்குங்க.”

சலவைக்கூடம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அழுக்கே அழுக்கைத் துவைக்குதுன்னு சொல்லு!”

கப்பிக்காரியும் சிரித்தாள். பிறகு முகம் மாறிச் சொன்னாள்: “அதான் உடைக்கக் கூடாது. நேரம் வந்தா உள்ள இருந்தே தட்டும். பொறக்காத ஒண்ணை நாம அவசரப்பட்டுக் கொன்னுடக் கூடாதுல்ல?”

இப்போது எல்லோரும் மேஸ்திரியம்மாவின் புருஷனைப் பார்த்தார்கள். அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை காலம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறாள். ஊர் மண்ணையெல்லாம் ஏன் ஏன் என்று கேட்டவள், இந்த மனுஷரை ஒன்று கூடக் கேட்டதில்லை.

“ஒரு சமையல்காரி” என்று அவர் ஆரம்பித்தார். “பெரிய வெள்ளைப் பானை வெச்சிருந்தா. மலை, மாடு, மரம், மனுஷன், எல்லாத்தையும் அதுலதான் கிண்டினா. வரிசையா நிக்க வெச்சுப் பரிமாறினா. ஆளுக்கு ஒரு உடம்பு, ஒரு குரல், ஒரு நிழல். எங்க ஆளுங்க வரிசையில கடைசி. பின்னாடி வந்தவங்களுக்கெல்லாம் ‘நீங்க போங்க, நீங்க போங்க’ன்னு வழிவிட்டுட்டே இருந்தாங்களாம். எங்க முறை வந்தப்போ நிழல் தீந்துபோச்சு.”

யாரும் சிரிக்கவில்லை.

“அவளுக்கு மனசு கேக்கல. எங்களுக்குன்னு தனியா நிழல் செஞ்சா. செஞ்சதை ஈ மொய்க்காம அந்தப் பானையையே கவுத்து மூடி வெச்சா. ‘உப்பு கொறையுது, வாங்கிட்டு வந்து பரிமாறுறேன்’னு போனா. இன்னும் வரல. உச்சிவெயில்ல எல்லாரோட நிழலும் காலடியில ஒடுங்கிடும்ல? அப்போ நாங்களும் நீங்களும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அந்த நேரத்துலதான் எங்க வீடுகள்ல இந்தக் கதையைச் சொல்லுவோம்.”

மேஸ்திரியம்மா வாளியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் வந்தாள். “எங்கிட்ட ஏங்க சொல்லல?”

“நீ கேக்கல” என்றார். பிறகு, அது முழு உண்மையில்லை என்பது போல, “நீ சிரிச்சுட்டா என்ன பண்றதுன்னு ஒரு இது” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த களியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். ஆனால் வியாதி சும்மா விடுமா? துடைத்துக்கொண்டிருக்கும்போதே மூளை வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

“ஒரு நிமிஷம்” என்றாள். “உங்க சமையல்காரி போயிட்டா. எங்க அம்மா போயிட்டா. இவ மீனும் போயிருச்சு. மூணு கதையிலயும் செஞ்சு வெச்சவ கிளம்பிப் போயிருக்கா. ஒருவேளை மூணு பேரும் ஒருத்திதானோ?”

அவ்வளவுதான், சந்தைக்கடை ஆகிவிட்டது.

“எங்க சமையல்காரிக்குப் பிள்ளைங்க கிடையாது” என்றார் புருஷன்.

“மீன் எப்படி அக்கா சமைக்கும்?” என்றாள் கப்பிக்காரி.

“எங்க அம்மாவை மீனுங்கறியா?” என்று முதலாளி எகிறினார்.

இஸ்திரிக்காரர் மட்டும் நிதானமாக யோசித்தார். “உப்பு வாங்கப் போனவ தண்ணில விழுந்திருக்கலாம்ல? விழுந்து மீனா ஆகியிருக்கலாம்ல?”

“அப்போ முட்டை பானைக்கு அப்புறம் வந்ததா? அப்படின்னா நாங்க எது மேல இருந்தோம்?” என்று ஒரு செதிலர் மடக்கினார். பாகம் பிரித்தது சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று இன்னொரு பக்கம் வாக்குவாதம். கோபம் எப்போது தணிந்து கதை கேட்கிற ஆசையாக மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. துணிகளெல்லாம் ஊறிக் கிடந்தன. வெள்ளாவி அடுப்பு அணைந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் கதையில் இருந்த ஓட்டையை அடைக்க மற்றவர் தன் கதையிலிருந்து ஒரு துண்டைக் கொண்டுவந்து பொருத்திப் பார்த்தார். சில இடத்தில் பொருந்தியது, பல இடத்தில் துருத்திக்கொண்டு நின்றது.

கடைசியில் மேஸ்திரியம்மா கேட்டாள்: “கதை பொருந்தலன்னா போகட்டும். தண்ணி வேணுமே? உடைக்க வேண்டாம், மூடவும் வேண்டாம். வேற என்ன செய்யலாம்னு உங்க உங்க கதை சொல்லுது?”

செதிலர்கள் கலந்து பேசினார்கள். உடைக்கத்தான் கூடாது, மெல்லத் தட்டிப் பார்க்கலாம், தப்பில்லை என்றார்கள். நிழலிலார்கள், பானையைத் திறக்க அவளுக்குத்தான் உரிமை, ஆனால் குரல் கொடுத்துக் கூப்பிடுவது குற்றமாகாது என்றார்கள். முதலாளி நெற்றியைத் தேய்த்துவிட்டு, சாட்சிக்கு ஆள் நின்றால் எல்லைக்கல்லைத் தொடலாம், நகர்த்தத்தான் கூடாது என்றார். “சாட்சி நீங்கதான்” என்றாள் மேஸ்திரியம்மா. “நானா? உள்ளயா?” என்று அவர் தொப்பையைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை நான்கு பேரும் இறங்கினார்கள். முதலாளி நூலேணியில் இறங்கிய வேகத்தில் ஒரு மூட்டை துணி துவைத்திருக்கலாம். மேலே கப்பியைப் பிடிக்க இஸ்திரிக்காரருக்கு அனுமதி கொடுத்திருந்தாள் கப்பிக்காரி, ஆயிரம் எச்சரிக்கையோடு.

புருஷன்தான் முதலில் குனிந்தார். அப்புறம், பந்தியில் பரிமாற மறந்துவிட்ட ஒருவரிடம் ஞாபகப்படுத்துகிற மாதிரி, பணிவாகச் சொன்னார்.

“அம்மா, நாங்க இன்னும் வரிசையிலதான் நிக்கிறோம்.”

கப்பிக்காரி விரல் முட்டியால் தட்டினாள். மெல்ல. குழந்தை தூங்குகிற அறைக் கதவைத் தட்டுகிற மாதிரி. சத்தம் உள்ளே ஓடி ஓய்ந்தது. காத்திருந்தார்கள். ஒன்றுமில்லை. முதலாளி, “சரி, கேட்டாச்சு, ஏறலாமா?” என்று ஏணியைப் பிடித்தார்.

அப்போது கீழேயிருந்து தட்டியது.

சந்தேகமே இல்லை. காலுக்கு அடியில், அந்த வெள்ளைக்கு உள்ளே, யாரோ பதிலுக்குத் தட்டினார்கள். மேஸ்திரியம்மாவுக்கு உடம்பு முழுக்க மயிர்க்கூச்செறிந்தது. பயத்தைவிட, ‘யாரு? யாரு நீ?’ என்று கேட்க வேண்டும் என்ற தவிப்புதான் அதிகம். கேட்கவும் கேட்டுவிட்டாள். அந்தப் பெரிய வெள்ளை, தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆள் மாதிரி, மெதுவாக ஒரு பக்கம் உருண்டது. ஓரத்தில் சரளை கலகலவென்று உதிர்ந்தது. உதிர்ந்த சந்திலிருந்து வெதுவெதுப்பாகத் தண்ணீர் பீறிட்டது.

“நகருது! எல்லைக்கல்லு நகருது! நான் நகர்த்தல, நீங்கல்லாம் சாட்சி!” என்று கத்திக்கொண்டே, சாட்சியாக வந்தவர் எல்லோருக்கும் முன்னால் மேலே ஏறிவிட்டார். ஏறின வேகத்தைப் பார்த்தால் இறங்கியவர் இவர்தானா என்று யாருக்கும் சந்தேகம் வரும்.

வெளியே வந்ததும் எல்லோரும் முதலில் பார்த்தது வானத்தைத்தான். அது அதன் இடத்திலேயே இருந்தது. அடுத்து, யாரோ மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம் கேட்டது. மேஸ்திரியம்மாவின் புருஷன் சொட்டச் சொட்ட நனைந்து வெயிலில் நின்றார். அவர் காலடியில், தரையில், கருப்பாக ஒரு படலம்.

நிழலிலார்கள் அசையாமல் பார்த்தார்கள். அவர் ஒரு அடி நகர்ந்தார். கருப்பு அங்கேயே நின்றது. மேலும் கொஞ்சம் தள்ளி நின்றார். அது அவர் பின்னால் வரவில்லை.

“ஈரம்தான்” என்றார், சிரித்துக்கொண்டே. சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

மேஸ்திரியம்மா அவர் பக்கத்தில் போய் நின்றாள். “வரிசை கொஞ்சம் நகந்திருக்குங்க” என்றாள்.

“யாரு சொன்னா?”

“கூப்பிட்டதுக்குப் பதில் வந்துச்சுல்ல? இதுக்கு முன்னாடி வந்திருக்கா?”

அவர் யோசித்தார். இந்தத் தடவை சிரித்தபோது கண்ணும் சேர்ந்து சிரித்தது.

கிணறு நிரம்பியது. தண்ணீர் இனிப்பாகவும் லேசான சூடாகவும் இருந்தது. செதிலர்கள் அது முட்டையின் கதகதப்பு என்றார்கள், நிழலிலார்கள் அடுப்பு இன்னும் அணையவில்லை என்றார்கள், முதலாளி தம்பி தூக்கத்தில் விட்ட மூச்சு என்றார். கதையை வெளியே சொன்னதற்காகக் கப்பிக்காரியைத் திட்டுவதற்கென்றே ஆற்றங்கரையிலிருந்து அவளுடைய பெரியப்பாவும் சித்தப்பாவும் வந்தார்கள். அப்போது இஸ்திரிக்காரர், சமையல்காரி உப்பு வாங்கப் போன கதையைப் பாதி சொல்லியிருந்ததால், அது முடியட்டும் என்று உட்கார்ந்தார்கள். முடிந்ததும், “அந்த உப்புக் கடை எந்தப் பக்கம்?” என்று கேட்டார்கள். திட்டுவதை மறந்தே போனார்கள்.

ஒருநாள் மேஸ்திரியம்மா கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் பூசிக்கொண்டிருந்தாள். தூரத்து ஊர்க்காரி ஒருத்தி மூட்டையோடு சலவைக்கு வந்தாள். காது நீளமாகத் தோளைத் தொட்டது. அந்த மாதிரிச் சனத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லை. சுற்றி நடக்கிற வாக்குவாதத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“எங்க ஊர்ல வேற மாதிரி சொல்லுவாங்க. உலகத்தை உண்டாக்கினதே எங்க ஆளுங்கதானாம். எப்படிச் செஞ்சாங்கன்னுதான் மறந்துபோச்சாம்.”

மேஸ்திரியம்மா பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு, நிழலான இடமாகப் பார்த்து ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

“உட்காருங்க” என்றாள். “எதுவரைக்கும் ஞாபகம் இருக்குன்னு சொல்லுங்க.”